வெட்டிய செல்லும் வேலை செய்யும்

கேள்வி: தோல் செல்களைத் தட்டில் வளர்த்துக் கொலாஜன் சுரக்க வைக்கிறார்களாமே! உடம்பிலிருந்து வெட்டி எடுத்த பிறகும் அவை எப்படி வேலை செய்கின்றன? இது எங்கே தொடங்கியது?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: விடையில் பாதி உங்கள் கடலிலேயே இருக்கிறது. சிப்பி ஓட்டின் உட்புறம் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதை மடிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை வளர்ப்பதும் அதற்கு முத்துப் பளபளப்பைத் தருவதும் அந்த மடிப்பின் மேல்தோல் செல்கள்தாம். 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் குழுவினரும் அதில் ஒரு சிறு துண்டை நறுக்கி, ஓட்டில் கடைந்த மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைத்தார்கள். துண்டிலிருந்த செல்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பையாகி, முத்துப்பொருளைப் படலம் படலமாகப் பூசின. பின்னாளில் அதே நிலையத்தார் சிப்பியே இல்லாமல், ஊட்டநீரில் வளர்த்த செல்களையும் முத்துப்பொருள் சுரக்க வைத்தார்கள். வெட்டுப்பட்ட செல்லுக்கும் தொழில் மறப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உடம்புக்கு வெளியே திசு வளர்க்கும் கலைக்கு வழி திறந்தது, 1907-இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை வளர்த்துக் காட்டிய சோதனை. நம் தோலில் கொலாஜன் சுரப்பவை அடித்தோலில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹோவர்ட் கிரீனும் பர்ட்டன் கோல்ட்பெர்க்கும் சுண்டெலியின் ஃபைப்ரோபிளாஸ்டுகளைத் தட்டில் வளர்த்து, அவை உண்டாக்கும் கொலாஜனை அளந்தார்கள்.

அந்தக் கொலாஜனின் அமைப்பைக் கண்டுபிடித்ததில் நமக்குப் பெரும் பங்கு உண்டு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது தோணிக்கயிறு போல மூன்று இழைகள் சேர்ந்தது என்று சொன்னார்கள். மறுஆண்டு அந்த இழைகளின் முறுக்கையும் விளக்கினார்கள்.

செல்லை வளர்த்துவிட்டால் மட்டும் போதாது. ஊட்டநீரில் வைட்டமின் சி-யும் வேண்டும். இழைகளிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தோடு ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதிக்கு அந்த வைட்டமின் தேவை. அது சேராவிட்டால் உடல் சூட்டில் மூவிழை நிலைக்காது. செல்லிலிருந்து கொலாஜன் சரியாக வெளிவரவும் செய்யாது. காய்கனி இல்லாமல் மாதக்கணக்கில் கடலோடிய மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்ததும், எப்போதோ ஆறிய புண் மறுபடி வாய் பிளந்ததும் இதே குறையால்தான்.