ஹாலரித்தின் எண்ணும் பொறி

பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள்தொகையைக் கணக்கெடுத்தல் வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்க நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் வகுத்த விதியாகும். பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்திற்கு எத்தனை இடம் என்பது அக்கணக்கைக் கொண்டே முடிவு செய்யப்படும். 1790-ஆம் ஆண்டில் முதற் கணக்கு எடுக்கப்பட்டபோது மக்கள் 40 லட்சம் பேருக்கும் குறைவாகவே இருந்தனர். 1880-இல் அத்தொகை 5 கோடியைக் கடந்துவிட்டது. ஒவ்வொருவருடைய வயது, தொழில், பிறந்த இடம் முதலியவற்றை எழுத்தர்கள் தாளில் கோடிட்டுக் கோடிட்டு எண்ணினர். அவ்வேலை முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. மக்கள் மேலும் பெருகினால், ஒரு கணக்கு முடியுமுன் அடுத்த கணக்குத் தொடங்கிவிடுமோ என்று அதிகாரிகள் கவலையுற்றனர்.

அக்கணக்கு அலுவலகத்தில் ஹெர்மன் ஹாலரித் என்னும் இளைஞர் பணியாற்றினார். 1860-இல் பிறந்த அவர் கொலம்பியாவில் பொறியியல் பயின்றவர். இவ்வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணத்தை அவர் உள்ளத்தில் விதைத்தவர் பில்லிங்ஸ் என்னும் மருத்துவ அறிஞர். அதற்கு வழி காட்டியதோ ஒரு புகைவண்டிச் சீட்டு! ஒருவர் சீட்டை வேறொருவர் பயன்படுத்தாதிருக்கும்பொருட்டு, பயணியின் தலைமயிர், கண், மூக்கு ஆகியவற்றின் இயல்பைக் குறிக்கும் இடங்களில் சீட்டுப் பரிசோதகர் துளையிடுவது அந்நாட்டில் அக்கால வழக்கம். ஒரு மனிதனைத் துளைகளால் எழுதிவிட முடியும் என்பதை ஹாலரித் அதில் கண்டார்.

அவர் அமைத்த பொறியில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையைப் பொறியில் வைத்துக் கைப்பிடியை இறக்கினால், ஊசிகள் பல அதன்மேல் படியும். துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி உள்ளே புகுந்து, அடியில் உள்ள சிறு கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும்; மின்னோட்டம் பாயும்; எண்வட்டின் முள் ஓர் இலக்கம் நகரும்.

இதனை அரசு உடனே வாங்கிவிடவில்லை. 1889-இல் ஒரு போட்டி நடைபெற்றது. முந்தைய கணக்கிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரப் பகுதிகளின் விவரங்களை எடுத்து, மூவரிடம் கொடுத்தனர். மற்ற இருவரும் வண்ணங்களால் வேறுபடுத்தப்பட்ட சீட்டுகளைக் கையாண்டனர். விவரங்களைப் பதிவதற்கு அவர்களுக்கு நூறு மணிக்கும் நூற்று நாற்பத்து நான்கு மணிக்கும் மேற்பட்ட நேரம் ஆயிற்று. ஹாலரித்துக்கு 72 1/2 மணி போதுமாயிருந்தது. தொகுத்து எண்ணும் வேலையிலோ ஏணிவைத்தாலும் எட்டாத வேற்றுமை! அவர்கள் 44 1/2 மணியும் 55 1/2 மணியும் செலவிட்டதை அவருடைய பொறி 5 1/2 மணியில் முடித்தது. ஒப்பந்தம் அவருக்கே கிடைத்தது.

பொறிகளை அவர் விற்கவில்லை, வாடகைக்கே விட்டார். ஒரு பொறிக்கு ஆண்டு வாடகை 1,000 டாலர். 1890-இல் மக்கள் மொத்தம் 6 கோடி 26 லட்சம் என்று சில வாரங்களிலேயே வெளியாயிற்று. இன்னும் மிகுதியான தொகையை எதிர்பார்த்திருந்த பலர் பொறியின்மீது குறை கூறினர். வேலைச் சுமை தாங்காத சிலர் பாதரசத்தை மெல்ல எடுத்துவிட்டு, பழுது பார்ப்பவர் வரும்வரை இளைப்பாறினர் என்றும் ஒரு செய்தி உண்டு.

பொறியினால் 50 லட்சம் டாலர் மிச்சமாயிற்று என்று மதிப்பிட்டனர். ஆயினும், 1880-இல் சுமார் 58 லட்சம் டாலராக இருந்த மொத்தச் செலவு, 1890-இல் சுமார் 1 கோடி 15 லட்சமாக உயர்ந்தது. விரைவில் எண்ணலாம் என்றவுடன், முன்னிலும் மிகுதியான கேள்விகளுக்கு விடை வேண்டுமென்ற ஆசையும் எழுந்துவிட்டதன்றோ?

1900-ஆம் ஆண்டுக் கணக்கிற்கும் அவரே துணை. அடுத்துத் தலைமைப் பொறுப்பேற்ற நார்த் என்பவர் வாடகை மிக அதிகம் எனக் கருதினார். ஹாலரித் இறங்கி வரவில்லை. அவரையன்றி வேறு ஒருவரிடம் போகவும் வழியில்லை. 1905-இல் ஒப்பந்தம் முறிந்தது. காங்கிரஸ் சபை அளித்த 40,000 டாலரைக் கொண்டு அலுவலகமே சொந்தமாகப் பொறிகளை அமைக்க முற்பட்டது. அதற்கெனச் சேர்க்கப்பட்ட ஜேம்ஸ் பவர்ஸ் என்பவர், துளையிடுவதற்கு முன்பே பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதியுடைய புதிய துளைப்பொறியைச் செய்தார். 1910-ஆம் ஆண்டுக் கணக்கு அதனைக் கொண்டு நடைபெற்றது. ஹாலரித் வழக்குத் தொடுத்தும் வெற்றி காணவில்லை.

தாம் கண்டுபிடித்தவற்றின் உரிமையைப் பவர்ஸ் தாமே வைத்துக்கொள்ள அரசு இசைந்தது. அவ்வுரிமையை முதலாகக் கொண்டு 1911-இல் அவர் தனியே ஒரு கம்பெனி தொடங்கினார். ஹாலரித்தின் கம்பெனியும் அதே ஆண்டில் வேறு சிலவற்றுடன் இணைந்து, 1924 முதல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. பவர்ஸ் தொடங்கிய கம்பெனி 1927-இல் ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்தது. 1951-இல் மக்கள்தொகைக் கணக்கு அலுவலகம் யூனிவாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியை ஏற்றுக்கொண்டபோது, அதனை அளித்தது அந்த ரெமிங்டன் ராண்டு கம்பெனியே.