யார் பார்க்கலாம்?

அன்புள்ள கயல்விழிக்கு,

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, சர்வர் முகவரி, புது வசதியைத் திறந்து மூடும் ஃபிளாக் எல்லாமே செட்டிங்ஸ்தானே, ஒரே ஃபைலில் இருந்தால் என்ன என்று கேட்டிருந்தாய். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி.

இதை யார் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்டுப் பார். சர்வர் முகவரியையும் டைம்அவுட்டையும் குழுவில் எல்லோரும் பார்க்க வேண்டும். அவை கோடோடு கிட்டில் இருக்கட்டும். ஃபிளாக்கை புரோகிராம் எழுதாதவர்களும் மாற்றுவார்கள். பல சமயம் அது பயனரின் பிரௌசர் வரைக்கும் போகும். பாஸ்வேர்டை, அதைப் பயன்படுத்தும் புரோகிராமைத் தவிர வேறு யாரும் பார்க்கத் தேவையே இல்லை.

"பிரைவேட் ரெப்போதானே" என்று யாராவது சொன்னால் ஊபரின் கதையைச் சொல். 2016-ல் அதன் பொறியாளர்களின் பிரைவேட் கிட்ஹப் ரெப்போவுக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். அமேசான் கிளவுடின் கீ அங்கேயே கிடந்தது. 5.7 கோடி பேரின் விவரங்கள் போயின. நிறுவனம் 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கியது. 2017 நவம்பரில் அது வெளியே வந்தது; 2018-ல் ஊபர் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கிட்டில் ஒருமுறை ஏறிய கீயை அடுத்த கமிட்டில் அழித்தாலும் அது பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் அந்தக் கீயை ரத்து செய்து புதியது வாங்கு. ஹிஸ்டரியைத் துடைப்பதெல்லாம் அப்புறம். ரகசியங்களுக்கு வால்ட், ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜர் போன்ற இடங்கள் இருக்கின்றன. கான்ஃபிக் ஃபைலில் ரகசியத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதும். என்விரான்மென்ட் வேரியபிளில் வைப்பது ஃபைலில் வைப்பதைவிட மேல். ஆனால் புரோகிராம் விழும்போது அவற்றை மொத்தமாக லாகில் கொட்டிவிடும் கருவிகளும் உண்டு, கவனம்.

ஃபிளாக்கில் ரகசியம் இல்லை என்பதால் அலட்சியமாக இருந்துவிடாதே. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், கைவிட்ட ஒரு பழைய ஃபிளாக்கைப் புது வேலைக்கு எடுத்துக்கொண்டது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதுக் கோடு ஏறவில்லை. அங்கே அந்த ஃபிளாக் பழைய கோடை எழுப்பிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஃபிளாக்கின் வேலை முடிந்ததும் அதையும் அதன் கோடையும் சேர்த்து நீக்கு.

இந்த வாரமே உங்கள் ரெப்போவின் பழைய கமிட்களில், ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் கருவியை ஓடவிடு. ஏதாவது அகப்பட்டால், யார் போட்டது என்று ஆராயாமல் அன்றைக்கே கீயை மாற்றச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா