கணினியில் ஒலியளவுக் குறி மறைந்தால்

வித்துராவில் துலாமழை இடியும் மின்னலுமாகவே வரும். பொன்முடி மலையடிவாரத்து ஊராதலால் மாலையில் மின்சாரம் சட்டென நின்று மீள்வதும் உண்டு. அவ்வாறான ஒரு மாலைக்குப் பின் வீட்டுக் கணினியை இயக்கியபோது, திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் கடிகாரத்தை அடுத்திருந்த சிறிய ஒலிபெருக்கிக் குறியைக் காணவில்லை. மறுநாள் காலை பிள்ளைக்கு இணையவழி வகுப்பு. நாம் சற்றே பதறினோம்.

குறி இல்லாமை வேறு, ஒலி இல்லாமை வேறு. இதைப் பிரித்தறியாமல்தான் பலரும் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் செல்கின்றனர். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் கட்டத்தில் எஸ், என், டி, வி, ஓ, எல் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் ஒலியளவுச் சாளரம் நேரே திறக்கும். பாட்டும் கேட்குமானால் கணினிக்கு நோயில்லை. குறி மட்டும் ஒளிந்திருக்கிறது.

விண்டோஸ் 10 உடைய கணினியில் முதலில் கடிகாரத்தின் அருகிலுள்ள மேல்நோக்கிய அம்பைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையெனில், டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி அதன் செட்டிங்ஸில் நுழைந்தால், சிஸ்டம் ஐகான்களை இயக்கவும் நிறுத்தவும் ஒரு பகுதி இருக்கும். அதில் வால்யூம் என்பதை இயக்கலாம். விண்டோஸ் 11-இல் இணையம், ஒலி, மின்கலம் ஆகியவை ஒரே தொகுதியாக உள்ளமையால் ஒலியை மட்டும் தனியே மறைக்க வழியில்லை. இரண்டிலுமே, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுப்பது நல்ல மருந்து. திரை ஒரு கணம் வெறுமையாகும், அஞ்ச வேண்டா. நம் வீட்டுக் குறி இவ்வாறே மீண்டது.

குறியின்மேல் சிவப்புப் பெருக்கல் அடையாளம் தெரிந்தால், ஒலிக்கருவியையே கணினி அறியவில்லை என்று பொருள். டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியை வலச்சொடுக்கி நீக்கி, கணினியை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் அதுவே டிரைவரை நிறுவிக்கொள்ளும். நீக்கும்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடலாகாது. புதிய டிரைவர் தேவையாயின் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுக.

நாம் சொல்ல விரும்பிய முதன்மைச் செய்தி வேறு. அம்மாலையில் தீர்வு தேடியபோது கட்டணமில்லா உதவி எண் ஒன்று திரையில் முந்தி வந்தது. வீட்டுப் பெரியவர் அதனைத் தாளில் குறித்தும் வைத்துவிட்டார். இத்தகைய எண்களை அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் பணிவாகப் பேசி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார். அதில் தோன்றும் எண்ணைப் படிக்கச் சொல்வார். படித்த பின்னர் நம் திரை அவர் கையில். ‘சேவைக் கட்டணம் பத்து ரூபாய்’ என்று கேட்டு நெட்பேங்கிங்கில் நுழையச் செய்தால் கடவுச்சொல்லும் ஓடிபியும் அவர் கண்முன்னே தட்டப்படும். எனிடெஸ்க் செயலி வழியாக நிகழ்ந்த இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலி தன்னளவில் குற்றமற்றது. அறிமுகமில்லாதவருக்கு வாயிலைத் திறப்பதே பிழை. மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணைத் தருவதே இல்லை.

ஏற்கெனவே அனுமதி தந்துவிட்டவர்கள் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, 1930 என்ற எண்ணையும், பாஸ்புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள வங்கி எண்ணையும் அழைத்தல் வேண்டும். கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்றுக. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். ஆதலின் கணினியைச் சரிசெய்வதை மறுநாளைக்குத் தள்ளலாம். அந்த அழைப்பைத் தள்ளலாகாது.