இருட்டுக்கு அஞ்சும் குழந்தை

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தை, விளக்கணைத்த அறைக்குள் தனியே செல்ல மறுத்து அழுகிறது. "ஒன்றும் இல்லை, பயப்படாதே" என்று வீட்டார் எத்தனை முறை கூறியும் பயனில்லை. காரணம் கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. அச்சத்தைப் பற்றிக் குழந்தையைப் பேசவைப்பது எப்படி?

பதில்: மூன்று முதல் ஆறு வயது வரையிலான பருவத்தில் இருட்டு, பேய் போன்றவை குறித்த அச்சம் இயல்பாகவே காணப்படுகிறது. கற்பனை விரைந்து வளரும் அவ்வயதில், மனத்தில் தோன்றுவதையும் கண்முன் இருப்பதையும் பிரித்தறியும் திறன் முழுமை பெறாததே இதற்கு முதன்மைக் காரணம். சோறூட்டுவதற்காகப் "பூச்சாண்டி வருவான்" என்று மிரட்டும் வழக்கம், உருவமற்ற அந்த அச்சத்துக்கு உருவமும் கொடுத்துவிடுவதால், முதலில் கைவிட வேண்டியது அதுவே.

நெஞ்சு படபடக்க நிற்கும் குழந்தையிடம் "ஒன்றும் இல்லை" என்பது, அது உணர்வதையே மறுப்பதாகிவிடுகிறது. "ஏன் பயம்?" என்ற வினாவுக்கும், காரணத்தை ஆராய்ந்து சொல்லும் முதிர்ச்சி இல்லாத வயதில் விடை கிடைப்பதரிது. மாறாக, பகலில் குழந்தை அமைதியாக இருக்கும்போது, "பயம் வந்தால் வயிற்றுக்குள் என்ன செய்கிறது?", "அறையில் எந்த மூலை பிடிக்கவில்லை?" என்று கேட்டாலோ, அச்சத்தைப் படமாக வரையவோ பொம்மையின் பயமாகச் சொல்லவோ விட்டாலோ, சொற்கள் மெல்ல வரும்.

பேச்சோடு பழக்கமும் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் வெளியிட்ட ஆய்வில், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயல் சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. முடிவில் அவன் அதனுடன் விளையாடினான். அஞ்சும் பொருளைத் தாங்கக்கூடிய அளவில் அணுகவைக்கும் இம்முறை 'படிப்படியான எதிர்கொள்ளல்' எனப்படுகிறது. இருட்டறைக்கும் இது பொருந்தும்: முதலில் தாயின் கையைப் பிடித்தபடி வாசலில் நிற்பது, பிறகு சிறு விளக்கொளியில் உள்ளே விளையாடுவது, அடுத்துச் சில நொடிகள் தனியே இருப்பது எனக் குழந்தை இசையும் வேகத்தில் முன்னேறலாம்.

அச்சம் மாதக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் பள்ளி செல்வதையும் குலைத்தால், குழந்தை மனநல மருத்துவரை அணுக வேண்டும். இந்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 என்னும் எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு குழந்தை திடீரென அஞ்சத் தொடங்கினால், அதைக் கற்பனை என ஒதுக்காமல் உடனே பொறுமையாக விசாரிப்பது இன்றியமையாதது. இருட்டைப் பற்றிச் சொன்னபோது கேலிக்கு ஆளாகாத குழந்தையே, உண்மையான ஆபத்தையும் பெற்றோரிடம் துணிந்து சொல்லும்.