டொராண்டோவுக்கு எந்த வழியாகப் போவது?

கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் கல்லூரியை மாதக்கணக்கில் அலசுகிறார்கள். விமானத்தை மட்டும் சித்தப்பா சொன்னார், கூடப் படித்தவன் எடுத்தான் என்று ஒரே நாளில் முடிவு செய்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து டொராண்டோ வான்வழியில் சுமார் 13,400 கி.மீ. நேரடி விமானம் கிடையாது.

துபாய், அபுதாபி வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து பதினாலு மணி நேரம். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் வழியென்றால் முதலில் பத்துப் பதினோரு மணி, அப்புறம் எட்டு ஒன்பது மணி. எப்படிப் போனாலும் தூரம் 14,000 கி.மீ.யை ஒட்டித்தான் வரும்.

பெற்றோர் பிடிவாதம் பிடிப்பது டெல்லி வழிக்கு. “டெல்லியில் ஏறினால் நேரே டொராண்டோ” என்பார்கள். அதற்காகச் சென்னை–டெல்லி டிக்கெட்டைத் தனியாக, மலிவாக எடுப்பார்கள். வேண்டாம். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இல்லையென்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பணம் போனது போனதுதான். மாற்று விமானம் தர யாருக்கும் கடமை இல்லை. ஜனவரி சேர்க்கைக்குப் போகிறவர்கள் டெல்லி மூடுபனியையும் கணக்கில் வைக்க வேண்டும். பெட்டி இன்னொரு தொல்லை. கனடா டிக்கெட்டில் பெரும்பாலும் 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுபோகலாம். உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான். சென்னை கவுன்டர் முன்னால் ஓர் அம்மா பெட்டியைத் திறந்துபோட்டு, பருப்புப்பொடியையும் இட்லி மிளகாய்ப்பொடியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன். உள்நாட்டு விமானம் டெல்லியில் முதல் முனையத்தில் இறக்கிவிட்டால், பெட்டிகளோடு பேருந்து பிடித்து மூன்றாம் முனையத்துக்குப் போக வேண்டும். போதாததற்கு, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு, ‘நேரடி’ என்று விற்ற சில விமானங்களே ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின.

அமெரிக்கா வழியாக மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

என்னைக் கேட்டால் ஐரோப்பா வழிதான். பதினாலு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து எழுந்தால் என் கால் வீங்கிவிடும். பயணம் பாதியாகப் பிரிந்தால் நடந்து, முகம் கழுவி, தெம்பாக ஏறலாம். உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற உடம்பென்றால் உங்களுக்குத் துபாயே சரி. நண்பன் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. படிப்பைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். நமக்கு எது ஒத்துவரும் என்று பொறுமையாகப் பாருங்கள்.

ஹாலிஃபாக்ஸ், வினிபெக் என்று மேலே போகிறவர்கள் டொராண்டோவில் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். படிப்பு அனுமதித் தாளை அங்கேதான் அச்சிட்டுத் தருவார்கள், அந்த வரிசை நீளம். சில விமானங்களில் வந்தால் பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். சேர்க்கைக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.