நாக்குக் கட்டியின் குலம்

நாக்கிலே பட்டாணி அளவில் ஒரு கட்டி தோன்றுகிறது. வலி இல்லை, மெல்ல வளர்கிறது. அரிதான இக்கட்டியை 1926ஆம் ஆண்டில் மாஸ்கோ நகர நோய்க்குறியியல் அறிஞர் அப்ரிகோசோவ் ஆராய்ந்து எழுதினார். நுண்ணோக்கியில் நோக்கின், பருத்த உயிரணுக்களுள் ரவையைக் கொட்டி நிரப்பினாற்போல் சிறு மணிகள் காணப்படும். நாக்கு பெரும்பாலும் தசை. கட்டியும் தசைநார்களுக்கு நடுவே கிடந்தது. ஆகவே இளந்தசை உயிரணுக்களினின்று பிறந்தது எனக் கருதி, அதற்கேற்பவே பெயரும் சூட்டினார். அண்டை வீட்டைக் கண்டு குலம் கூறியது போன்றதே இது. எனினும் அன்று அவரிடம் இருந்தவை சாயமும் கண்ணுமே அன்றோ!

1935இல் ஃபைர்ட்டர் என்பார், இது நரம்பைச் சார்ந்தது என்றார். வழக்கைத் தீர்க்க உதவிய சான்று மாட்டு மூளையிலிருந்து வந்தது. 1965இல் பிளேக் மூர் அதனின்று ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அம்மோனியம் சல்ஃபேட்டு நூற்றுக்கு நூறு செறிந்த கரைசலிலும் அது படியாது கரைந்தே நின்றமையால் எஸ்-100 எனப் பெயர் பெற்றது. நரம்பிழைகளைச் சூழ்ந்து காக்கும் ஷ்வான் உயிரணுக்களிலும் இப்புரதம் உண்டு.

இதனைக் கண்டறியும் முறை எளிது. அப்புரதத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளைத் திசுவின் மெல்லிய சீவலின்மேல் இடுவர். பற்றிய இடம் பழுப்பு நிறம் காட்டும். 1980களின் தொடக்கத்தில் இக்கட்டியை இவ்வாறு சோதித்தபோது உயிரணுக்கள் பழுப்பாயின. தசைக்குரிய டெஸ்மின் புரதமோ அவற்றில் காணப்படுவதில்லை. ஆக, கட்டி ஷ்வான் குலத்தது என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை.

பெயர் ஆராய்ச்சியால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இக்கட்டிக்கு மேலுள்ள நாக்கின் மேல்தோல் சில வேளைகளில் தடித்து, வேர்விட்டாற்போல் கீழே இறங்கும். மருத்துவர் மேலாக மட்டும் கிள்ளி எடுத்தனுப்பினால், காண்பவர் அதனைத் தோலணுப் புற்று என மயங்கக் கூடும். சிறு அறுவையோடு தீரவேண்டியவர் நாக்கின் பெரும் பகுதியை இழக்கவும் நேரும். மணியணுக்கள் கிடக்கும் ஆழம் வரை எடுத்து எஸ்-100 பார்த்தால் இம்மயக்கம் தெளியும். இக்கட்டிகளுள் மிகச் சிலவே கொடியவை.

ஆனால் எஸ்-100 ஒன்றையே நம்பிவிடலும் ஆகாது. மெலனோமா என்னும் கொடிய நிறமிப் புற்றிலும், கொழுப்பணுக்களிலும், குருத்தெலும்பிலும் அது உண்டு. உருவத்தையும் புரதத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மணிகளின் காரணம் 2018இல் துலங்கியது. உயிரணுவின் கழிவைச் செரிக்கும் லைசோசோம்களில் அமிலம் ஏற்றும் பொறிக்குரிய ஜீன்கள் இரண்டனுள் ஒன்று, இக்கட்டிகள் பலவற்றில் பழுதுற்றிருந்தது. செரியாதவை மணிகளாய்த் தேங்கின.

பிறந்த குழந்தையின் ஈறிலும் இதே மணிகளோடு ஒரு கட்டி வருவதுண்டு; 1871இல் நாய்மன் அதனை விவரித்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவையே. ஆயினும் ஈற்றுக் கட்டியில் எஸ்-100 இட்டால் பழுப்பு ஏறுவதில்லை. அது எவ்வுயிரணுவின் வழித்தோன்றல் என்பது இன்னும் முடிவாகவில்லை.