தேய்க்கிறதுக்கு முன்னாடி படிங்க: பாட்டன் விட்டுப்போன மடக்குக் கத்தி

பழைய மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்ததும் நம்ம ஆளுங்க செய்கிற முதல் வேலை, புளி போட்டு விளக்குவது. அதற்கும் கறை போகவில்லையென்றால் உப்புத்தாள். கத்தி பளபளன்னு ஆகிவிடும். எந்த ஊர்ப் பட்டறையில் செய்தது, எந்த வேலைக்கு வாங்கியது, யார் கை பிடித்தது என்கிற சேதியெல்லாம் அந்தக் கறையோடு சேர்ந்து போய்விடும். அதனால் விளக்குகிற வேலையைத் தள்ளி வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் அலகின் அடிப்பகுதி, பிடிக்குள் நுழைகிற அந்த விரற்கடை நீளம். முத்திரை குத்துவது அங்கேதான். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலாடும். தெரியாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சாக்பீஸ் தூளை விரலால் தடவிப் பாருங்கள்.

நான் பார்த்த பழைய கத்திகளில் அதிகம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, அடுத்தது ஜெர்மனியின் ஜோலிங்கன். நட்சத்திரமும் சிலுவையும் அடுத்தடுத்து இருந்தால் ஷெஃபீல்டு ஜோசப் ராட்ஜர்ஸ் முத்திரை. கிரீடத்தோடு வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா ராணி காலம். நம் பாட்டன்மார் கத்தியில் ஜி.ஆர். என்றிருந்தால் பெரும்பாலும் 1910-க்குப் பிந்திய ஜார்ஜ் மன்னர்கள் காலம். ஜெர்மன் பட்டறைகள் சில ஷெஃபீல்டு பெயரைப் பொய்யாகக் குத்தி விற்றதால், 1887-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. போலி முத்திரை அப்போதே இருந்திருக்கிறது பாருங்க! துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் உருக்கியது 1913-இல். ஆகவே 'ஸ்டெயின்லெஸ்' என்று குத்தியிருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அம்புக்குறியும் ஆண்டும் இருந்து, முதுகுப் பக்கம் கயிற்று முடிச்சு அவிழ்க்கும் கூர்முள்ளும் இருந்தால் அது பட்டாளத்துக் கத்தி. காந்தம் வைத்துப் பார்த்து எஃகின் வகையைச் சொல்லிவிடலாம் என்பார்கள். நம்பாதீர்கள்; கத்திக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும்.

முத்திரையைவிடப் பெரிய சேதி தேய்மானத்தில் இருக்கிறது. எங்கள் பாட்டன் கத்தியை வீட்டில் 'பாக்குக் கத்தி' என்றே சொல்வார்கள். ஆனால் அதன் பிடியின் மறுமுனையில் எலும்பில் செய்த, நாக்கு மாதிரியான சிறு தகடு ஒன்று இருக்கிறது. பாக்கு வெட்ட அது எதற்கு? மொட்டுக் கட்டும்போது மரப்பட்டையை நெம்பித் தூக்குவதற்கான தகடு அது. கிணற்றடி சாத்துக்குடி மரங்கள் விலைக்கு வாங்கிய கன்றுகள் என்பது பெரியப்பா கட்சி. பாட்டன் கட்டியது என்பது அத்தை கட்சி. மொட்டுக் கட்டும் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டை. வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் என்றால் இடக்கைக்காரருக்கு எதிர்ப்பக்கம். இந்தக் கத்தியின் அடியில் பட்டறை போட்ட சரிவு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மற்ற நீளம் முழுக்க எதிர்ப்பக்கமாக மாற்றித் தீட்டியிருக்கிறது. பாட்டன் இடக்கைக்காரர். சோற்றுக்கு மட்டும் வலக்கை, மத்த எல்லாத்துக்கும் பீச்சாங்கை என்று பாட்டி ஏசுவாராம். இதைக் காட்டிய பிறகு பெரியப்பா வாய் திறக்கவில்லை. "சாணைக்காரர்கிட்ட கொடுத்து ரெண்டு பக்கமும் ஏத்திட்டு வந்துடறேண்ணே" என்று தம்பி கிளம்பியது அதற்கு முந்தின வாரம். அவனை வாசலில் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

பிடியையும் கவனியுங்கள். எருமைக் கொம்பு என்றால் வறட்சியில் சுருங்கும், பூச்சியும் அரிக்கும். கடமான் கொம்பு நம் நாட்டிலிருந்தே ஷெஃபீல்டுக்குக் கப்பலேறிப் போனது. இன்று கடமான் கொம்பு, தந்தப் பிடிகளை விற்கவோ வாங்கவோ போகாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வைத்திருப்பதைப் பற்றியும் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடியை விரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசனை வருகிறதா? அப்படியானால் செல்லுலாய்டு. சட்டென்று தீப்பற்றும், ஊசி காய்ச்சிச் சோதிக்கவே கூடாது. வயசான செல்லுலாய்டு விடுகிற ஆவி பக்கத்தில் உள்ள இரும்பையும் அரிக்கும். அதைக் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள்.

இனி துரு. மாம்பால், எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு அலகில் படிந்த கருநீலக் கறை கெடுதல் இல்லை, அப்படியே விடலாம். சிவப்பாக உதிர்வதுதான் எதிரி. அதன்மேல் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். கீல் இறுகியிருந்தால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். சுத்தியல் வேண்டாம்.

மோட்டார் சாணையில் தீட்டும்போது வாய்ப்பகுதி நீலம் பாய்ந்தால், கொல்லர் தோய்த்து ஏற்றிய உரம் அங்கே செத்தது. தண்ணீர் விட்டுக் கல்லில் கையால் தீட்டுங்கள், சரிவு உள்ள பக்கம் மட்டும். மரத்துக்கு மரம் நோய் பரவாதிருக்க அலகை நெருப்பில் காட்டுகிறவர்கள் உண்டு. அதிலும் இதே கேடுதான். ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும்.

காப்புக்கு என்ன எண்ணெய்? நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிக் கீலைப் பிடிக்கும். ஆமணக்கெண்ணெய் காயாது, மெல்லியதாக ஒற்றினால் நன்றாக நிற்கும். வருடக்கணக்கில் எடுக்காத கத்தி என்றால் தையல் மிஷின் எண்ணெயே மேல். பெட்ரோலியம் ஆச்சே என்று சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். அது நிலத்தில் ஊற்றுவதற்கு இல்லையே!

தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுக்கும். பச்சை வேப்பிலையும் கூடவே வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். முத்திரையில் இருந்தது, பிடி எதனால் ஆனது, யாருடையது, எந்த மரத்துக்கு எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி அந்தத் துணியோடு வையுங்கள். எங்கள் தாளில் கடைசி வரி போன மழைக்கு எழுதியது: எலுமிச்சை, ஏழு மொட்டு, ஐந்து பிடித்தது.